மழலையரின் வளர்ச்சித் தாமதமும் வீட்டில் நடக்க வேண்டிய சிகிச்சையும்

மறைமலைநகரில் கூடியுள்ள இம்மாநாடு ஆராய எடுத்துக்கொண்ட பொருள், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சித் தாமதமும் அதற்கான சிகிச்சையும் ஆகும். கழுத்து நிற்றல், குப்புற விழுதல், உட்காருதல், தவழுதல், நடத்தல், பேசுதல் ஆகிய படிகளுள் ஒன்றையோ பலவற்றையோ உரிய வயது கடந்தும் குழந்தை எட்டாதிருப்பதே வளர்ச்சித் தாமதம் எனப்படும். உரிய வயது என்பது ஒற்றை நாளன்று; உலக சுகாதார நிறுவனம் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகோல், பிடிப்பின்றி உட்காருவதற்கு 3.8 முதல் 9.2 மாதம் வரையும், துணையின்றி நடப்பதற்கு 8.2 முதல் 17.6 மாதம் வரையும் இடம் தருகிறது; குறைமாதக் குழந்தைக்கோ முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்தே வயதைக் கணக்கிட வேண்டும். இத்தனை தாராளமான எல்லையும் கடந்த பின், "அவன் அப்பனும் மெதுவாகத்தான் நடந்தான்" என்று குடும்பம் காத்திருப்பதும், "இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம்" என்று மருத்துவரே சொல்லி அனுப்புவதும்தான் சிகிச்சைக்கு முதல் தடை. மூளை மிக விரைவாகப் புதிய இணைப்புகளை அமைத்துக்கொள்ளும் காலம் அந்தக் காத்திருப்பிலேயே கழிந்துவிடுகிறது.

இத்தாமதத்துக்கான சிகிச்சைகளுள், பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம் கழுத்து, முதுகு, இடுப்பு, கால் ஆகியவற்றின் வலுவையும் சமநிலையையும் அசைவையும் வளர்ப்பது. ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்முறை மருத்துவம், உண்ணுதல், உடுத்துதல், விளையாடுதல் போன்ற அன்றாடச் செயல்களைக் குழந்தை தானே செய்யப் பழக்குவது. பின்னதற்கு இந்தியாவில் முதற்பள்ளியைக் கமலா நிம்ப்கர் 1950-இல் மும்பையில் தொடங்கினார். மழலைப் பருவத்தில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது பயனற்றது. முதுகு நிமிராத குழந்தையின் விரல்கள் இட்லித் துண்டைப் பற்றமாட்டா.

மறைமலைநகர் அமைந்துள்ள செங்கல்பட்டு மாவட்டத்தில் இச்சிகிச்சைகளுக்கான நிறுவனங்களுக்குக் குறைவில்லை. நிப்மெட் என்று அறியப்படும், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்கி வருகிறது, காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் கீழ் இவ்விரு துறைகளுக்கும் கல்லூரிகள் உள்ளன. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே., வளர்ச்சித் தாமதத்தைத் தொடக்கத்திலேயே கண்டு சிகிச்சை தரும் இடையீட்டு மையம் மாவட்டந்தோறும் அமைய வழி செய்தது. ஆயினும் மறைமலைநகரின் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் தகப்பனுக்கும், பாட்டி தாத்தா துணையின்றி வாடகை வீட்டில் பிள்ளை வளர்க்கும் தாய்க்கும், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பேருந்து மாறி மாறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள முட்டுக்காட்டை அடைவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். அப்படிப் போய்ச் சேர்ந்தாலும் கிடைப்பது ஓர் அமர்வு மட்டுமே. எஞ்சிய விழிப்பு நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது. சிகிச்சையும் அங்கேயே நடந்தாக வேண்டும் என்பதே இவ்வுரையின் துணிபு.

இதற்கு ஆய்வின் ஆதரவும் உண்டு. பிறர் கைகால்களை நீட்டி மடக்கிவிடுவதைக் காட்டிலும், ஒரு நோக்கத்தோடு குழந்தை தானே முயன்று செய்யும் செயலே அதிகப் பயன் தருகிறது என்பது மூளை முடக்குவாதம் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் முடிவு. அத்தகைய முயற்சிக்கு வீட்டின் அன்றாடமே இடம் தருகிறது. தசை இறுக்கத்தால் கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் குழந்தையை, நம் தாய்மார் வழக்கமாகச் செய்வது போல, இரு கால்களையும் அகற்றி இடுப்பில் வைத்துத் தூக்கினால், அந்த இறுக்கம் தளர்கிறது. குழந்தையும் நிமிர்ந்து உலகைப் பார்க்கிறது. பாதம் தரையில் படியும் உயரத்தில் முக்காலியிட்டு, சுவர் மூலையில் முதுகு சாய உட்காரவைத்து உணவூட்டினால், தலை நிலைபெறுகிறது, விழுங்குவதும் எளிதாகிறது. தச்சர் செய்யும் மூன்று சக்கர நடைவண்டியைத் தள்ளும் குழந்தை தன் எடையைத் தன் காலிலேயே தாங்குகிறது. கடையில் வாங்கும் வட்ட வாக்கரில் தொங்கும் குழந்தையோ நுனிக்காலால் உந்திப் பழகுகிறது. விபத்துகளின் காரணமாக அந்த வாக்கரைக் கனடா 2004-இலேயே தடை செய்துவிட்டது. நம் கடைவீதிகளில் அது பிறந்தநாள் பரிசாக இன்றும் விலை போவது வருந்தத்தக்கது.

வீட்டில் சிகிச்சை என்றவுடன் பாரம் முழுவதையும் தாயின் தலையில் ஏற்றிவிடும் ஆபத்து உண்டு. பயிற்சி போதவில்லை என்று அவரையே குற்றம் சொல்லும் வழக்கம் சில மையங்களில் நிலவுகிறது, அது கொடுமை. 1981-இல் தொடங்கப்பட்ட ஆய்க்குடி அமர் சேவா சங்கம் என்னும் தொண்டு நிறுவனம் வேறொரு வழி காட்டியிருக்கிறது. அங்கே கிராமத்துப் பெண்களே பயிற்சி பெற்று வீடு தேடிச் செல்கிறார்கள். கைப்பேசிச் செயலி வழியாகச் சிகிச்சையாளர் அவர்களுக்கு வழிகாட்டுகிறார். திருவனந்தபுரத்தில் உருவான 17 கூறுகளைக் கொண்ட வளர்ச்சிக் கண்டறி அட்டையை அங்கன்வாடிப் பணியாளர் சில நிமிடங்களில் நிரப்பிவிட முடியும். இவ்விரண்டையும் இணைத்து இந்த மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தத் தேவையான கல்லூரிகளும் மாணவர்களும் இங்கேயே இருக்கிறார்கள்.

ஆகவே இம்மாநாட்டில் படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையுடனும், அதன் முடிவை ஓர் அங்கன்வாடிப் பணியாளர் படித்து, மறுநாளே ஒரு வீட்டில் செய்துகாட்டத்தக்க வகையில், எளிய தமிழில் ஒரு பக்கக் குறிப்பைக் கட்டுரையாளர்கள் இணைத்துத் தர வேண்டும் என்று இத்தலைமையுரை கேட்டுக்கொள்கிறது.