எங்கள் அடுப்பங்கரையும் கிறிஸ்மஸ் பலகாரமும்

(யூபிலி விழாவில் பங்குப் பெண்கள் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

இந்த விழாவில் பேசும்படி பங்குத்தந்தை எங்களைக் கேட்டபோது, "எங்களுக்கு என்ன தெரியும் சாமி? அடுப்பங்கரைதான் தெரியும்" என்றோம். "அப்படியானால் அதைப் பற்றியே பேசுங்கள்" என்றார். ஆகவே, கிறிஸ்மஸ் பலகாரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்காமல் கேட்க வேண்டுகிறோம்.

நம் உத்திரமேரூரின் பெருமையை உலகம் அறியும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலைச் சொல்கின்றன. யார் வாரியத்துக்கு வரலாம், யார் வரக்கூடாது, குடத்திலிருந்து ஓலையை எடுப்பது எப்படி என்று எல்லாவற்றையும் கல்லில் எழுதி வைத்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் நாம் படிக்கிறோம். ஆனால் நம் பாட்டிமாரின் அதிரசப் பக்குவம் எங்கே எழுதியிருக்கிறது? எங்குமே இல்லை. அது அவர்கள் கையில் இருந்தது. பல வீடுகளில் அவர்களோடே போய்விட்டது.

அதிரசம் செய்வது எளிதன்று என்பதைச் செய்து கெடுத்தவர்கள் அறிவார்கள். நாங்களும் கெடுத்திருக்கிறோம். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது எங்கள் கணக்கு. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் உலர்த்த வேண்டும். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக்கூடாது. அந்த ஈரத்தோடே இடித்துச் சலிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் மாவு பாகோடு சேராது. வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால், கரையாமல் விரலில் மெத்தென்று உருள வேண்டும். பாகு இளகினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், முறுகினால் கல்லாகிவிடும். ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டுக் கிளறிய மாவை ஒரு நாளாவது மூடி வைக்க வேண்டும். பாகின் ஈரம் மாவெங்கும் ஊறினால்தான் மெத்தென்று வரும். அவசரப்படுகிறவர்களுக்கு அதிரசம் வராது என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள்.

கிறிஸ்மஸ் பலகாரம் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்ததன்று. அதிரசம் இந்த மண்ணின் பழைய பண்டம். கோயில்களில் படைக்கப்பட்டது, விஜயநகரக் காலத்துத் திருப்பதிக் கல்வெட்டுகளில் அதன் பெயர் இருக்கிறது. மைதா மாவைப் புதுச் சீப்பின் பல்லில் உருட்டிச் செய்கிற கல்கலா, கோவாவின் கத்தோலிக்க வீடுகளிலும் உண்டு. ஐரோப்பாவில் பாதாம் பருப்பில் செய்கிற மக்ரூனைத் தூத்துக்குடியில் முந்திரிப் பருப்பில் செய்தார்கள். அந்த முந்திரி மரமும் போர்த்துக்கீசியரோடு 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து வந்ததுதான். 1883-இல் தலைச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்பவர், தோட்ட முதலாளி மர்டாக் பிரவுன் கேட்டதற்காகக் கிறிஸ்மஸ் கேக் செய்தார். பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ப் பழத்தில் வடித்ததைச் சேர்த்தாராம். கையில் இருப்பதைக் கொண்டு விருந்து படைப்பது அன்றிலிருந்தே நம்மவர் வழக்கம்.

எங்கள் தாய்மாரும் அப்படித்தான் கேக் செய்தார்கள். அவன் அடுப்பு யாரிடம் இருந்தது? கனத்த பாத்திரத்தில் ஆற்று மணலைப் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் கேக் மாவு ஊற்றிய கிண்ணத்தை வைப்பார்கள். மூடிபோட்டு, மூடியின்மேல் தணலை அள்ளி வைப்பார்கள். மணல் அடிச்சூட்டைத் தணித்துச் சீராகத் தரும். தணல் மேற்புறத்தைச் சிவக்க வைக்கும். ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தது என்று அறிவார்கள். நடுவில் திறந்து பார்க்கிற பிள்ளைக்கு முதுகில் ஓர் அடி உண்டு. எங்களில் பலர் அந்த அடி வாங்கியவர்கள்.

இனி, சொல்லத் தயங்குகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பலகாரம் சட்டியில் முடிவதில்லை, தட்டில்தான் முடிகிறது. துணி மூடிய தட்டோடு கிறிஸ்மஸ் காலையில் எங்களைத் தெருத்தெருவாக அனுப்புவார்கள். பொங்கலுக்குக் கரும்பும், ரமலானுக்கு நோன்புக் கஞ்சியும் அண்டை வீடுகளிலிருந்து நமக்கு வந்தன. ஆனால் சில வாசல்களில், "பழமும் வெத்திலை பாக்கும் இருந்தால் வைத்துவிட்டுப் போ, பலகாரம் வேண்டாம்" என்றார்கள். நம் வீட்டில் சமைத்ததை அவர்கள் தொடமாட்டார்கள் என்பது அந்த வயதில் எங்களுக்கு விளங்கவில்லை. எங்களில் ஒருத்தியின் அம்மா, திரும்பி வந்த தட்டை ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்தார். அடுத்த ஆண்டும் அதே வீட்டுக்கு அனுப்பினார். அதற்கடுத்த ஆண்டும் அனுப்பினார். பிறகொரு கிறிஸ்மஸில், அந்த வீட்டுச் சிறுவன் வாசலிலேயே நின்று ஓர் அதிரசத்தை எடுத்துக் கடித்தான். "இன்னொண்ணு குடு அக்கா" என்றான். அன்று அம்மா அழுததை அவள் இன்றும் சொல்வாள்.

வெளியாரை மட்டும் குறை கூறினால் அது நேர்மையாகாது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிற நாமும், தெருப் பார்த்துத் தட்டு அனுப்பியதுண்டு. வந்த தட்டைத் தின்னாமல் ஒதுக்கியதும் உண்டு. குடவோலையிலும் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவருக்கே இடம் இருந்தது. நம் தட்டிலாவது அந்தக் கணக்கு இருக்கலாமா?

இப்போது கடையில் பெட்டி வாங்கிவிடுகிறோம். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வேறு வழியில்லை. அதைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் பெட்டி வந்தபின் தட்டு நின்றுவிட்டதே என்பதுதான் எங்கள் கவலை.

ஆகையால் இந்த யூபிலி ஆண்டில் இரண்டு காரியம் கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் பாட்டியின் பக்குவம் ஒன்றை, அளவோடும் பதத்தோடும் ஒரு நோட்டில் எழுதித் தாருங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொன்னால் நம் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஆண்பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும். இரண்டு, வருகிற கிறிஸ்மஸுக்கு எல்லாத் தெருப் பெண்களும் கோயில் வளாகத்தில் ஒரே அடுப்பில் பலகாரம் சுடுவோம். அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் தட்டுப் போகட்டும். எந்த வீட்டிலிருந்து வந்தாலும் நாம் வாங்கி உண்போம்.

மூன்று மரக்கால் மாவில் புளிப்பு மாவை ஒளித்து வைத்த பெண்ணை ஆண்டவர் விண்ணரசுக்கு உவமையாகச் சொன்னார். அவர் அடுப்பங்கரையை அற்பமாக எண்ணவில்லை. நாமும் எண்ண வேண்டாம்.

 வெளியே மேசைமேல் அதிரசம் வைத்திருக்கிறோம். சற்று முறுகிவிட்டது, பாகு பார்த்தவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.