செல்போன் செயலி நாமும் செய்து பார்க்கலாம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பத்தாம் வகுப்பையே தாண்டல, நமக்கு எதுக்கு செயலி செய்யுற வேலை?" என்று உங்களில் பலர் நினைப்பது எங்களுக்குத் தெரியும். இதில் வருமானம் வரும் என்று நாங்கள் ஆசை காட்டப் போவதில்லை. கோலம் போடுகிறோம், கூடை பின்னுகிறோம் இல்லையா, அது மாதிரி ஓய்வு நேரத்தில் கத்துக்கிற ஒரு கைவேலைதான் இதுவும். ஆனால் கத்துக்கிட்டால் ஒரு விஷயம் புரியும். அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறோம்.

நாம் பழகப் போவது ஆப் இன்வென்டர். 2010-ல் கூகுள் நிறுவனம் இதை வெளியிட்டது. 2012 முதல் அமெரிக்காவில் உள்ள எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் நடத்தி வருகிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. கம்ப்யூட்டரில் இணையம் இருந்தால் போதும். பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் ஓடுகிற நிலையில் இருந்தால் அதுவே சரி.

இதில் இரண்டு பக்கம் உண்டு. முதல் பக்கத்தில், போன் திரையில் என்னென்ன தெரியணும் என்று எடுத்து வைக்கிறோம். எழுதுகிற கட்டம், பொத்தான், விடை காட்டும் இடம், படம் எல்லாம் அங்கே இருக்கும். மறுபக்கத்தில், பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கணும் என்று சொல்லணும். அதற்கு வண்ண வண்ணத் துண்டுகள் உண்டு. ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் முனை பொருந்தும். பொருந்தாததை ஒட்ட வைத்தால் ஒட்டாது. கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் பத்து இருபது சொல்தான் திரும்பத் திரும்ப வரும். பொத்தான் மேல் தமிழில் எழுதிக்கலாம். கம்ப்யூட்டரும் போனும் ஒரே வைஃபையில் இருந்தால், இங்கே செய்வது அங்கே உடனே தெரியும். முதல் நாள் பாடம், படத்தைத் தொட்டால் பூனை கத்துவது. சிரிக்காதீங்க, எல்லாரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறாங்க.

அடுத்தது நம்ம கணக்கு, உள்கடன் வட்டி. இரண்டு கட்டம் வைக்கிறோம். ஒன்றில் பாக்கித் தொகை, இன்னொன்றில் மாத வட்டி வீதம். பொத்தானை அழுத்தினால் இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்து விடை காட்டணும்.

ஒரு அக்கா 10,000 ரூபாய் வாங்கி, மாதம் 1,000 வீதம் பத்து மாதத்தில் கட்டுகிறார், வட்டி மாதம் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வட்டி 100. இரண்டாம் மாதம் பாக்கி 9,000 தானே, வட்டி 90. இப்படிக் குறைந்து குறைந்து, பத்து மாதத்துக்கும் மொத்த வட்டி 550 ரூபாய். இதே செயலியில் "பாக்கி" என்ற இடத்தில் "வாங்கிய தொகை" என்று மாற்றிப் போட்டால், மாதாமாதம் 100 என்று 1,000 ரூபாய் காட்டும். வட்டி வீதம் இரண்டிலும் அதே ஒரு ரூபாய்தான். ஆனால் 450 ரூபாய் கூடிப் போச்சு.

முன்னே சொன்ன விஷயம் இதுதான். போன் தப்பாகக் கணக்குப் போடலை. எந்த விதியைச் சொன்னோமோ அதைத்தான் செய்தது. இன்றைக்கு ஐந்து நிமிடத்தில் கடன் என்று எத்தனையோ செயலிகள் போனில் வருகின்றன. திரையில் தொகை தெரிந்தால் "மெஷினே சொல்லுது, சரியாத்தான் இருக்கும்" என்று கட்டிவிடுகிறோம். அந்த விதியையும் எங்கேயோ உட்கார்ந்து யாரோ எழுதியிருக்காங்க. ஒரே ஒரு வட்டிச் செயலியை நம் கையால் செய்து பார்த்தவளுக்கு, "இது பாக்கிக்கு வட்டியா, முழுத் தொகைக்கு வட்டியா?" என்ற கேள்வி தானாக வாயில் வரும்.

நம்மைப் போன்றவர்களால் முடியுமா என்றால், மும்பை தாராவியைப் பாருங்கள். நம் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள் தலைமுறையாக வாழும் இடம் அது. அங்கே 2014-ல் தொடங்கிய தாராவி டைரி என்ற முயற்சியில், சின்னப் பெண்கள் இதே ஆப் இன்வென்டரில் பழகினார்கள். பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசையில் காத்துக் கிடப்பதைக் குறைக்க, முறை வரும்போது போனில் தெரிவிக்கும் "பானி" என்ற செயலியைச் செய்தார்கள். ஆபத்தில் சத்தம் எழுப்பி, தெரிந்தவர்களுக்குச் செய்தி அனுப்பும் செயலி ஒன்றும் செய்தார்கள். அன்றாடம் பட்ட கஷ்டத்தையே எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

சில எச்சரிக்கைகள். செயலியில் சேமித்த கணக்கு அந்தப் போனிலேயே இருக்கும்படி செய்தால், செயலியை நீக்கும்போது கணக்கும் போய்விடும். ஆகவே பேரேட்டையும் தீர்மான நோட்டையும் யாரும் மூட்டை கட்ட வேண்டாம். ஏ.டி.எம். ரகசிய எண், ஓ.டி.பி. எதையும் பழகும் செயலியில் போடாதீங்க. நாம் செய்ததை நம் போனில் ஏற்றும்போது "தெரியாத இடத்திலிருந்து வருகிறது" என்று போன் எச்சரிக்கும். நாமே செய்தது என்பதால் அனுமதிக்கிறோம். வேலை முடிந்ததும் அந்த அனுமதியை எடுத்துவிடணும். வாட்ஸ்அப்பில் வேறு யாரோ அனுப்பும் செயலிக்கு அந்த அனுமதியே கூடாது.

வரும் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு கூட்டமைப்பு அலுவலகத்தில் உட்காரலாம். குழுவுக்கு இரண்டு பேர் வந்தால் போதும். வளரும் பெண் பிள்ளைகளையும் கூட்டி வாங்க. போன் இல்லாதவர்களும் வரலாம், கம்ப்யூட்டரிலேயே பழகலாம். வரும்போது உங்கள் குழுவில் ஏதாவது ஒரு கடனுக்கு முதல் மூன்று மாத வட்டியை நோட்டில் கையால் போட்டு எடுத்து வாங்க. செயலி காட்டும் விடையை அதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம்.