ஏட்டில் பெயர் இருந்தால் போதுமா?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்நன்னாளில் நல்ல பாம்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வியப்படைய வேண்டா. 2000 முதல் 2019 வரை, ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். வெறுங்காலுடன் சேற்றில் இறங்குவோர் யார், இருளில் வரப்பின் மீது நடப்போர் யார் என்பதை இவ்வவைக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலிற் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே நச்சுமுறி மருந்து செய்கிறார்கள். அதற்கு வேண்டிய நஞ்சை நாட்டுக்கு வழங்குவதில் முதலிடம் வகித்து வந்தது, மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978இல் தோன்றிய அச்சங்கத்தார் பாம்பைக் கொல்வதில்லை. நஞ்செடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர்.

குதிரையை நம்பாமல், நஞ்சின் ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியே மாற்று காண இயலுமா? இயலும் என்றால், அந்நஞ்சை ஆக்கும் மரபணுக்கள் எவை என முதலில் அறிதல் வேண்டும். 2020 ஜனவரியில் இந்திய, அயல்நாட்டு அறிஞர்கள் நல்ல பாம்பின் மரபுத் தொகுதியைப் படித்து வெளியிட்டனர். ஏறத்தாழ 179 கோடி எழுத்துகள்! நான்கே எழுத்துகளால், இடைவெளியும் புள்ளியுமின்றி எழுதப்பட்ட நெடிய ஏடு அது.

இதில் மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதன் பணி யாது எனக் குறிப்பதே அரிய வேலை. மனிதனையும் எலியையும் பற்றிப் பல்லாண்டு ஆராய்ச்சி உண்டு. பாம்பைப் பற்றி அத்துணை இல்லை. ஆகவே கணிப்பொறி, தொடக்க முடிவுக் குறிகளைத் தேடியும், அறிந்த விலங்குகளின் மரபணுக்களோடு ஒப்பிட்டும் பெயர் சூட்டுகிறது. இவ்வாறு 23,248 மரபணுக்கள் கணிக்கப்பட்டன.

இது பட்டாவில் பெயர் ஏறியதற்கு ஒப்பாகும். பட்டாவில் பெயர் இருப்பது வேறு, நிலம் கையில் இருப்பது வேறு என்பதைப் பஞ்சமி நிலங்களின் வரலாறு கண்ட செங்கற்பட்டு மக்கள் நன்கறிவர். உண்மை அறிய வயலுக்குச் சென்று உழுபவர் யாரெனப் பார்க்க வேண்டும். களத்தில் நெல்லையும் காண வேண்டும்.

அறிவியலாரும் அவ்வாறே செய்கின்றனர். மரபணு தொழிற்படும்போது அதன் படி ஒன்று உயிரணுவில் உண்டாகிறது. அது வயலில் ஓடும் ஏர். நஞ்சிற் காணும் புரதம் களத்து நெல். நச்சுக் குடும்பங்களைச் சேர்ந்தவையாக நச்சுச் சுரப்பியில் 139 மரபணுக்கள் தொழிற்படக் கண்டனர். பிற உறுப்புகளோடும் ஒப்பிட்டபின், அச்சுரப்பிக்கே சிறப்பாக உரியவை 19 எனத் தேர்ந்தனர்.

ஒப்புமையை மட்டும் நம்பலாகாது. நம் கணையத்தில் கொழுப்பைச் செரிக்கும் ஒரு நொதிக்கு உறவான புரதம் பாம்பின் நஞ்சில் உயிரை வாங்குகிறது. உறவு ஒன்று, தொழில் வேறு. ஓர் ஏட்டில் பெயர் பிழைபட்டால், அதைப் பார்த்தெழுதும் ஏடுகளிலெல்லாம் பிழை பெருகும். மேலும், ஒரு வட்டாரத்துப் பாம்பின் நஞ்சு மற்றொரு வட்டாரத்து நஞ்சை முற்றும் ஒத்திருப்பதில்லை. ஆகவே ஓரிடத்தில் சரிபார்த்தது எவ்விடத்துக்கும் போதாது.

இப்பணிக்குக் கணிப்பொறி வேண்டும். பாம்பை அறிந்த கண்ணும் வேண்டும். நம் மாவட்டத்து இருளர் பெருமக்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அக்கண்ணுக்குக் கிடைத்த மதிப்பு அது.

மாணவச் செல்வங்களே! நல்ல பாம்பின் மரபேடு பொதுவில் வைக்கப்பட்டுள்ளது. கல்லூரியில் உயிரியல் பயிலும் எவரும் அதைத் திறந்து பார்க்கலாம். ஏட்டிற் கண்ட பெயரை அப்படியே ஏற்காதீர். "பார்த்தவர் யார்? எங்கே பார்த்தார்?" என்று கேளுங்கள். வயலில் கடிபடுவோரின் பிள்ளைகளே அம்மருந்தைக் காணும் கூடத்திலும் அமர வேண்டும். அத்தகைய மேற்படிப்புக்கு நம் கழகம் துணைநிற்க வேண்டுமென இவ்விழாவில் வேண்டிக்கொள்கிறேன்.