விலங்கு தானாகப் பேசாது

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, இந்த அரங்கத்துக் கைதட்டலையெல்லாம் மடியிலே கட்டிக்கொண்டு போய் அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் என் சகோதரிகளே!

வழக்கமா எங்களைக் கூப்பிட்டா மாமியாரா, மருமகளான்னுதான் கேப்பாங்க. இந்த முறை நடுவர் ஐயா தொலைபேசியிலே, "அம்மா, அருங்காட்சியகம்" அப்படீன்னார். எனக்கு உள்ளுக்குள்ளே பயம். ஐம்பத்தாறு வயசு ஆயிடுச்சே, கொண்டுபோய் அங்கேயே வச்சிடப் போறாரோ! (சிரிப்பு)

தலைப்பு இது: 'இனவெறியின் வடுக்களை அருங்காட்சியகத்தில் மக்களுக்கு உணர்த்துவது பெரிதும் காட்சிப் பொருளே! கலந்து பேசும் நிகழ்ச்சியே!' கலந்து பேசும் நிகழ்ச்சியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

நம்ம சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. பழைய மதராஸ்காரங்க அதுக்கு என்ன பேரு வச்சிருந்தாங்க தெரியுமா? மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. அருங்காட்சியகத்துக்கு 'செத்த காலேஜ்'! (சிரிப்பு) படிக்காத ஜனங்க வச்ச பேரு. டாக்டர் பட்டம் வாங்கின எனக்கு இதைவிட நல்ல பேரு தோணலை. ஒரு முறை என் மாணவிகள் அறுபது பேரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஆயிரம் வருஷத்துச் செப்புத் திருமேனிகள், அமராவதிச் சிற்பங்கள், எல்லாவற்றையும் நாற்பது நிமிஷத்திலே பார்த்து முடிச்சிட்டு, வாசல்லே மாங்காய் பத்தை சாப்பிட்டுக்கிட்டு நின்னாங்க. பொருளில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

செப்புத் திருமேனி விஷயத்திலே இப்படி நடந்தால் ஒரு நாள் வீண், வேறொன்றும் இல்லை. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும், தோலின் நிறத்தைப் பார்த்து மனிதனை மனிதன் வாங்கி விற்ற கதையை, ஊரைவிட்டே விரட்டிய கதையைக் காட்டுகிற கூடங்கள் இருக்கின்றன. அங்கே வந்து நிற்கிறவர்களில் விற்றவனின் பேரனும் இருப்பான், விற்கப்பட்டவனின் பேத்தியும் இருப்பாள். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியை மட்டும் வைத்துவிட்டு நாம் விலகிப் போய்விட முடியுமா?

எதிரணித் தலைவர் அருமையான ஓர் உதாரணம் சொன்னார். 1992-இல் பால்டிமோர் நகரத்திலே, மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் அருங்காட்சியகத்திலே, பிரெட் வில்சன் என்ற கலைஞர் வைத்த காட்சி. ஒரு பெட்டி நிறைய வெள்ளிக் கூஜாக்கள், கோப்பைகள், அத்தனையும் சீமான் வீட்டுச் சாமான்கள். அவற்றின் நடுவிலே, அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு! மேலே எழுதியிருந்தது என்ன? 'உலோக வேலைப்பாடு, 1793 - 1880'. வேறொரு வார்த்தை இல்லை. "பார்த்தீர்களா, பொருள் எப்படிப் பேசுகிறது!" என்று அவர் கேட்டபோது நீங்களெல்லாம் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். எதிரணிங்கிறதுக்காக நல்லதைப் பாராட்டாம இருக்க முடியுமா?

ஆனால் ஐயா, ஒரே ஒரு கேள்வி. அந்த விலங்கு அதற்கு முன்னாலே எங்கே இருந்தது? அந்த அருங்காட்சியகத்துச் சேகரிப்பிலேதானே கிடந்தது? பொருள் தானாகப் பேசும் என்றால், அதுவரைக்கும் அது ஏன் வாயைத் திறக்கலை? ஊமையா? (கைதட்டல்) அதே சாமான்களை வைத்து அதுவரை பெரிய வீட்டுப் பெருமையைத்தானே பேசிக்கொண்டிருந்தார்கள்? பிரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞரை உள்ளே அழைத்து, கிடங்கைத் திறந்துவிட்டு, 'நீயே பார், நீயே எடுத்து வை' என்று விட்ட பிறகுதான் விலங்குக்கு வாய் வந்தது. அப்படியானால் பேசியது விலங்கா, வில்சனா?

நம்ம சிலப்பதிகாரத்தை விட்டுட்டு வேற எங்கேயோ போவானேன்? கோவலன் கையிலே இருந்த சிலம்பு ஒரு காட்சிப் பொருள்தான். பொற்கொல்லன் பேச்சைக் கேட்டபோது அதே சிலம்பு திருட்டுக்குச் சாட்சி சொன்னது. கண்ணகி வந்து பேசி, உடைத்துக் காட்டிய பிறகு அதே சிலம்பு கொலைக்குச் சாட்சி சொன்னது. பொருள் ஒன்றுதான், பக்கத்திலே நின்று பேசின ஆள்தான் மாறிப்போச்சு.

சரி, பேச வேண்டியவரை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? கனடாவுக்கு வாருங்கள். டொராண்டோ நகரத்து ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம். 1989 நவம்பரில் 'ஆப்பிரிக்காவின் இதயத்துக்குள்' என்று ஒரு கண்காட்சி திறந்தார்கள். கனடாவிலிருந்து ஆப்பிரிக்கா போன சிப்பாய்களும் பாதிரிமார்களும் கொண்டுவந்த பொருள்கள். நோக்கம் கெட்ட நோக்கம் இல்லைங்க. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களின் மமதையை நையாண்டி செய்யத்தான் நினைத்தார்கள். எப்படிச் செய்தார்கள்? அன்றைக்கு அவர்கள் சொன்ன 'காட்டுமிராண்டி' போன்ற வார்த்தைகளை மேற்கோள் குறி போட்டுச் சுவரிலே எழுதினார்கள். 'இது அவன் சொன்னது, நாங்கள் கேலி செய்கிறோம்' என்று வருகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டுமாம்!

முப்பது வருஷமா தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பரீட்சைக் கேள்வித்தாளிலேயே மேற்கோள் குறியை எவனும் பார்க்கிறதில்லை. (சிரிப்பு) ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு, கையிலே ஒண்ணு இடுப்பிலே ஒண்ணு என்று வருகிறவர்கள் குறியைப் பார்ப்பார்களா, வார்த்தையைப் பார்ப்பார்களா?

அதோடு நின்றதா? குதிரை மேலே ஒரு பிரிட்டிஷ்காரர், கீழே ஒரு சூலு வீரன், அவன் நெஞ்சிலே வாள். அந்தப் பழைய படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து முப்பது பிள்ளைகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு கறுப்பினக் குழந்தை. இருபத்தொன்பது பேரும் படத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் திரும்பி அந்தக் குழந்தையைப் பார்க்கிறார்கள். தாய்மார்களே, அந்தக் குழந்தை சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்ன கேட்கும்?

கறுப்பின மக்கள் அருங்காட்சியகத்து வாசலிலே மாதக் கணக்கில் போராடினார்கள். கைது, வழக்கு எல்லாம் நடந்தது. மற்ற ஊர்களுக்குப் போக இருந்த கண்காட்சி எங்கேயும் போகவில்லை. அந்த அருங்காட்சியகம் அந்த மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது எப்போது? 2016 நவம்பரில். இருபத்தேழு வருஷம்! பொருளைத் தேர்ந்தெடுத்து, எழுத வேண்டியதை எழுதி, ஆணியும் அடித்து முடித்த பிறகு 'எப்படி இருக்கு?' என்று அந்த மக்களிடம் காட்டினால் அதற்குப் பேர் கலந்து பேசுவதா? நிச்சயதார்த்தம் முடிச்சிட்டு, பந்தக்காலும் நட்டுட்டு, 'ஏம்மா, உனக்குச் சம்மதமா?'ன்னு பொண்ணுகிட்ட கேக்கிற கதைதான். (சிரிப்பு, கைதட்டல்)

இனித் தென்னாப்பிரிக்கா. கேப் டவுன் நகரத்திலே டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், அதாவது ஆறாம் வட்டம் என்று ஒரு பகுதி. விடுதலையான அடிமைகளின் பிள்ளைகள், மலாய்க்காரர்கள், இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள், யூதர்கள் எல்லாரும் சுவரோடு சுவராக வாழ்ந்த இடம். 1966 பிப்ரவரி 11-ஆம் தேதி, 'இனி இது வெள்ளையர் பகுதி' என்று அரசாங்கம் அறிவித்தது. அறுபதாயிரம் பேரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி, வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள்.

1994 டிசம்பரில், அதற்குப் பக்கத்திலே ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள். என்ன வைத்தார்கள்? இடிக்கிற வேலையில் இருந்த ஒருவர் தெருப் பெயர்ப் பலகைகளைக் குப்பையிலே போடாமல் தன் வீட்டிலே பத்திரமாக வைத்திருந்தார். அவற்றை வாங்கித் தொங்கவிட்டார்கள். "பலகை பொருள்தானே?" என்று தம்பி அங்கே சிரிக்கிறார். இருங்க தம்பி, நான் இன்னும் தரைக்கே வரலை! (சிரிப்பு) தரையிலே அந்தப் பகுதியின் பெரிய வரைபடம் விரித்தார்கள். பழைய குடித்தனக்காரர்கள் வந்தார்கள். வயசான மனுஷங்க, முட்டி போட்டு உட்கார்ந்து, தங்கள் தெருவைத் தேடி, வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். பக்கத்திலே ஒரு நீளத் துணி, அதிலும் எழுதினார்கள். அந்த எழுத்தின் மேலே பிறகு நூலால் தைத்து வைத்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்று திறந்த காட்சியை மூடவே முடியவில்லை. அங்கே சேர்ந்த நினைவுகள் நிலத்தைத் திருப்பிக் கேட்கும் முயற்சிக்கும் துணை நின்றன.

அந்த அருங்காட்சியகத்திலே பல வருஷம் வழிகாட்டியாக இருந்தவர் நூர் இப்ராகிம். அந்த மண்ணிலே வளர்ந்தவர். அவருடைய தாத்தா நம்ம சூரத்திலிருந்து போனவர். நூர் புறா வளர்த்தார். வீட்டை விட்டு விரட்டினபோது புறாக்களையும் புது இடத்துக்குக் கொண்டு போனார். கூண்டு கட்டி, சில மாதங்கள் பழக்கி, ஒரு நாள் திறந்து விட்டார். சாயங்காலம் ஒரு புறாகூடத் திரும்பி வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போகிற வழியிலே பார்க்கிறார். இடித்துப் போட்ட தன் பழைய வீட்டு மனையிலே, வெறும் மண்ணிலே, அத்தனை புறாக்களும் உட்கார்ந்திருக்கின்றன. இவர் கிட்டே போனாலும் பறக்கவில்லை. 'நம்ம வீடு எங்கே?' என்று கேட்பது போல இவரையே பார்க்கின்றன.

(சிறிது நேரம் அமைதி)

இந்தப் புறாவை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலே ஐயா வைப்பீர்கள்? அந்த மனிதர் வாய் திறந்து சொன்னால்தானே உண்டு? (பலத்த கைதட்டல்)

"பேசவிட்டால் சண்டை வரும்" என்றார் எதிரணித் தலைவர். வரும். ஏற்பாடு இல்லாமல் பேசவிட்டால் கல்யாண வீட்டிலேயே சண்டை வருது! 2007-இல் அமெரிக்க மானிடவியல் கழகமும் மினசோட்டா அறிவியல் அருங்காட்சியகமும் சேர்ந்து இனம் என்பதைப் பற்றியே ஒரு கண்காட்சி திறந்தார்கள். அதனோடு 'பேச்சு வட்டம்' என்று ஒரு நிகழ்ச்சியும் வைத்தார்கள். பார்த்து முடித்த கையோடு சிலர் வட்டமாக உட்கார வேண்டும். நடத்துவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார். ஒருத்தர் பேசும்போது மற்றவர் கேட்கவேண்டும். பழங்குடி மக்களின் வழக்கத்திலிருந்து எடுத்த முறை. நம்ம வீட்டிலே இதை ஒரு நாள் செஞ்சு பாருங்களேன், பாதி வழக்கு தீர்ந்துடும்.

நான் ஓர் அருங்காட்சியகத்துக்கு யோசனை சொல்வதாக இருந்தால், முதலில் அந்த வலியைப் பட்டவர்களைக் கூப்பிடச் சொல்வேன். கூப்பிட்டவர்களுக்குக் கூலி கொடுக்கச் சொல்வேன். தன் புண்ணை ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்து காட்டுவது லேசான வேலையா? பிள்ளைகளை 'நீ அடிமை, நீ முதலாளி' என்று நாடகம் போடவிடாதீர்கள் என்பேன். அமெரிக்காவிலே பிப்ரவரி மாதத்தைக் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பிப்ரவரியில் மட்டும் கூப்பிடுவது, சரஸ்வதி பூஜைக்கு மட்டும் புத்தகத்துக்குப் பொட்டு வைக்கிற மாதிரி. (சிரிப்பு)

மணி அடிச்சிட்டீங்க, ஐயா. ஒரே ஒரு நிமிஷம்.

சில வருஷங்களுக்கு முன்னாலே ஒரு தமிழ் நிகழ்ச்சிக்காக டர்பன் போயிருந்தேன். 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன நம்மவர்களின் வாரிசுகள் வாழும் ஊர். கேட்டோ மேனர் என்ற இடத்திலே காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தவர்களை, அதே நிறச் சட்டத்தைக் காட்டி சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டினார்கள். சாட்ஸ்வொர்த்திலே ஒரு பாட்டியம்மா வீட்டிலே எனக்குச் சாப்பாடு. பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகப் பேசினாங்க. அவங்க பேரன் பள்ளிக்கூடத்தோட ஓர் அருங்காட்சியகம் போயிட்டு வந்து கேட்டானாம்: "பாட்டி, கேட்டோ மேனர்னு ஒரு இடம் இருந்துச்சாம், உனக்குத் தெரியுமா?"

"நான் பொறந்ததே அங்கேதான்டா" என்றார்களாம். அன்றைக்கு ராத்திரிதான் முதல் முறையாக அவனுக்கு எல்லாம் சொன்னார்களாம், அந்த மாமரம் வரைக்கும்.

எதிரணி இப்போ துள்ளிக் குதிக்கும். "காட்சிப் பொருள்தானே பையனைக் கேட்க வச்சது?" அப்படீன்னு. ஒத்துக்கிறேன். கேட்க வச்சது பொருள்தான். ஆனால் பதில் அந்தக் கூடத்திலே இல்லை. ஒரு பஸ் பிடிச்சா வந்து சேர்ற தூரத்திலே, அடுப்படியிலே உட்கார்ந்திருந்தது. கூப்பிட ஆள் இல்லை.

"அவங்க கூப்பிட்டா போய்ப் பேசுவீங்களா பாட்டி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "எந்தக் கெழமைன்னு சொல்லச் சொல்லும்மா. வெள்ளிக்கெழமை கோயிலு இருக்கு. மத்த நாளு வருவேன்."