பலகைக்கு அடியில் பாதரசம்



நியூயார்க் நகரத்துக்கு எதிர்க்கரையில், நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோபோகன் என்று ஓர் ஊர். அங்கே கிராண்ட் தெருவில் ஐந்து மாடித் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று இருந்தது. 1993இல் கலைஞர்கள் சிலர் கூட்டுச் சேர்ந்து அதை வாங்கினார்கள். வீடும் வேலைக்கூடமுமாக மாற்றிப் பிள்ளைகுட்டிகளோடு குடியேறினார்கள்.

1995இல், சீரமைப்பு வேலையின்போது தரையில் வெள்ளிமணி போல ஏதோ உருண்டது. பாதரசம்!

அது எப்படி அங்கே வந்தது? பீட்டர் கூப்பர் ஹெவிட் என்பவர் 1901இல் பாதரச ஆவி விளக்கைக் கண்டுபிடித்தார். அவருடைய நிறுவனம் அந்த விளக்குகளைச் செய்த இடம் இதுதான். நீலப்பச்சை வெளிச்சம்; சிவப்பு மருந்துக்கும் கிடையாது. மனித முகம் பிணம்போல வெளிறித் தெரியும். வீட்டில் யார் மாட்டுவார்கள்? ஆனால் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கு நீல ஒளி வெகு பொருத்தம். படப்பிடிப்புக் கூடங்கள் கொண்டாடின. பிற்பாடு கட்டடம் ஜெனரல் எலெக்ட்ரிக் கைக்குப் போனது. அதற்கும் பிறகு பல ஆண்டுகள் கருவிப் பட்டறையாக இருந்தது.

ஆலையை விற்குமுன் மாசு உண்டா என்று பார்த்தாக வேண்டும் என நியூ ஜெர்சியில் 1983 முதலே சட்டம் இருந்தது. இருந்தும் பாதரசம் தப்பிவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் கடைசியாக இருந்தவரை மட்டும் விசாரித்தால் போதாது என்பேன். அவருக்கு முன்னால் யார், அவருக்கும் முன்னால் யார் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் தீக்காப்பீட்டுக்காக வரைந்த பழைய வரைபடங்கள் உண்டு. எந்தக் கட்டடத்தில் என்ன தொழில் நடந்தது என்று அவற்றில் குறித்திருப்பார்கள். மாசை அளக்கும் கருவியைக் கையில் எடுக்குமுன் அந்தத் தாளை விரிப்பதுதான் முறை.

பாதரசம் தண்ணீரைப்போல் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனம். சிந்தினால் பலகை இடுக்கில் இறங்கிப் பதுங்கிக்கொள்ளும். நிறமோ மணமோ இல்லாத ஆவி அங்கிருந்து மெல்லக் கிளம்பும். சூடு ஏற ஏற அதிகமாகும். ஜன்னலைத் திறந்துபோட்டு அளந்தால் அளவு குறைந்துதான் காட்டும். குளிர்காலத்தில், கதவடைத்து, வெப்பமூட்டியை ஓடவிட்டு அளக்க வேண்டும். பலகையைப் பெயர்த்தும் பார்க்க வேண்டும்.

ஹோபோகன் கட்டடத்தில் குடியிருந்த 29 பேரின் சிறுநீரைச் சோதித்ததில் 20 பேருக்குப் பாதரச அளவு கூடியிருந்தது. 1996 ஜனவரியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். கட்டடத்தைச் சுத்தம் செய்து மீட்க முடியவில்லை. பிறகு இடித்தே விட்டார்கள்.