காவல் அறையில் ஒரு புத்தகம்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கோலப் போட்டிக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

சென்ற கூட்டத்தில் ஒரு கோரிக்கை வந்தது. இரவுக் காவலுக்கு வரும் தம்பி மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படிக்கிறார். நம்மிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு சொந்தப் படிப்பு படிக்கலாமா, ஏஜென்சியிடம் சொல்லி நிறுத்த வேண்டும் என்றார்கள். அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வங்கியில் கம்ப்யூட்டர் கிடையாது. லெட்ஜர், பித்தளை டோக்கன், டே புக் எல்லாம் கைவேலை. எங்கள் கிளை சின்ன ஊரில் இருந்தது. சந்தை நாள் தவிர மற்ற நாட்களில் கூட்டம் இராது. பகல் 2 மணிக்கு கவுண்டர் மூடிவிடும். கணக்கு டாலி ஆகிவிட்டால் 5 மணி வரை கொட்டாவிதான்.

அப்போது சி.ஏ.ஐ.ஐ.பி. என்ற வங்கித் தேர்வு இருந்தது. தேறினால் இன்கிரிமென்ட் உண்டு. பி.காம். படித்த எனக்கு அதில் பல பாடங்கள் ஏற்கெனவே தெரிந்தவைதான். புத்தகமும் வாங்கினேன். அது என் மேசை டிராயரிலேயே பத்திரமாக இருந்தது. நான் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டேன், அடுத்த பஞ்சப்படி எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டேன், குறுக்கெழுத்துப் போட்டேன்.

அதே கிளையில் ஒரு அட்டெண்டர் இருந்தார். எட்டாவது வரை படித்தவர். வவுச்சர்களைத் தைத்து முடித்ததும் ரெக்கார்டு அறை வாசலில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புப் பாடம் படிப்பார். வட்டிக் கணக்கில் சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார். ஒருநாள் மேலாளர், "இது ஆபீஸா, பள்ளிக்கூடமா?" என்று எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கேட்டார். அவர் வேலை எதுவும் பாக்கி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் தலையைக் குனிந்து லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நிறுத்தவில்லை. பத்தாம் வகுப்பு தேறினார், பிறகு உள்தேர்வு எழுதி கிளார்க் ஆனார், கடைசியில் அதிகாரியாக ஓய்வு பெற்றார். நான் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே வெளியே வந்தேன். அவர் மேசை முன்னால் கையெழுத்துக்காக நின்றும் இருக்கிறேன். வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். கணித மேதை ராமானுஜன் 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு கிளார்க்காகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய் சம்பளம். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு மீதி நேரத்தில் கணிதம் போடுவார். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் தன்னைத் துறைமுக கிளார்க் என்றே அறிமுகம் செய்துகொண்டார். எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாது. நான் சொல்ல வருவது அவருடைய மேலதிகாரிகளைப் பற்றி. நாராயண ஐயர் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துணை நின்றார். 1913 மே மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. "இது ஆபீஸா, பள்ளிக்கூடமா?" என்று அவர்கள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் தம்பி படிப்பது குரூப் 4 தேர்வுக்கு. 200 கேள்விகள், அதில் 100 தமிழ். பள்ளிப் பாடப் புத்தகங்களை ஊன்றிப் படித்தாலே பெரும்பகுதி வந்துவிடும். அவருக்கு 12 மணி நேர ஷிப்ட். இரவு 12 மணிக்கு மேல் கேட்டைத் திறக்கும் சந்தர்ப்பம் சொற்பம். அந்த நேரத்தில் ஒன்று தூங்க வேண்டும், அல்லது செல்போனில் வீடியோ பார்க்க வேண்டும், அல்லது படிக்க வேண்டும். இந்த மூன்றில் எது நமக்குப் பாதுகாப்பு? படிப்பவர் விழித்திருக்கிறார். காதில் இயர்போன் இல்லை, ஹாரன் சத்தம் கேட்கும்.

கோரிக்கை வைத்தவர்களின் கவலையையும் நான் தள்ளிவிடவில்லை. வேலைதான் முதலில். ஒரு மணிக்கு ஒருமுறை சுற்றி வந்து கையெழுத்துப் போட வேண்டும். வண்டி வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவர வேண்டும். மோட்டார் நேரம் தவறக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் தவறியதை வைத்துக் கேட்போம், புத்தகத்தை வைத்துக் கேட்க வேண்டாம்.

அந்தத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. இடையில் எழுந்து போகும் வேலையில் நீண்ட பாடம் ஓடாது. 20 நிமிடத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். சுற்றி வரும்போது படித்ததை மனதில் சொல்லிப் பாருங்கள். விடை மறந்த இடத்தைத் திரும்பி வந்ததும் படியுங்கள்.

நம்மால் ஆனது கொஞ்சம்தான். காவல் அறைக்கு ஒரு நல்ல விளக்கு போடலாம். 6 முதல் 12 வரை பழைய பாடப் புத்தகங்கள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போடாமல் கீழே கொடுக்கலாம். படித்து முடித்த செய்தித்தாளையும் கொடுக்கலாம். கணக்கில் சந்தேகம் என்றால் மாலை 6 மணிக்கு நான் கீழேதான் இருப்பேன். வட்டிக் கணக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்று லெட்ஜரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இன்று சொல்லிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் அந்தக் கோரிக்கை ஓட்டுக்கு வரும்போது யோசித்துக் கை தூக்குங்கள்.