நம்பிச் சொன்னதே ஆயுதமானால்



தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய சென்னை விம்கோ நகருக்கு மெட்ரோ ரயில் வந்தது 2021 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று. அந்த ரயிலில் வேலை முடிந்து திரும்பும் ஒரு பெண்ணின் கைபேசிக்குச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "எங்க இருக்க? லொகேஷன் போடு."

கேட்டதில் தப்பில்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் சாலைப் பக்கம் இருட்டின பிறகு வருபவளை நினைத்து வீட்டில் கவலைப்படத்தான் செய்வார்கள். போட மறந்த நாளில்தான் ஆள் யாரென்று தெரியும். கவலைப்பட்டவர் ஒரு சத்தம் போட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்பார். இன்னொரு ரகம் மூன்று நாள் முகம்கொடுத்துப் பேசாது. நாலாம் நாள், "உங்கப்பா உங்கம்மாவ ஏமாத்துனாருன்னு நீதானே சொல்லி அழுத? அதே புத்திதான் உனக்கும்" என்று வரும். கல்யாணமான புதிதில் அவள் நம்பிச் சொன்ன விஷயம் அது.

இனி அவள் எதையும் சொல்லமாட்டாள். சம்பளம், டிபன், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் என்று பேச்சு சுருங்கிவிடும்.

ஆளை ஆட்டிவைக்கும் இந்தக் குணத்தை அளக்க அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் கிறிஸ்டியும் ஃப்ளோரன்ஸ் கெய்ஸும் 20 வாக்கியங்கள் கொண்ட சோதனை ஒன்றை வகுத்தார்கள். 1970இல் அது நூலாகவும் வந்தது. குணத்துக்கு இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியின் பெயர். இதில் அதிக மதிப்பெண் வாங்குபவர்கள் யாரோடும் மனம் ஒட்டாதவர்கள் என்று கண்டார்கள். ஆக, ஆட்டிவைப்பவருக்கும் கிடைப்பது கீழ்ப்படிதல்தான், நெருக்கம் அல்ல. ஆண்களுக்கு மட்டுமே உரிய குணமும் அல்ல இது.

பேட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய 'கேஸ் லைட்' நாடகத்தில் கணவன் பொருள்களை ஒளித்துவைத்து, தொலைத்தது மனைவிதான் என்று சாதிப்பான். தன் மூளையையே அவள் சந்தேகிக்கத் தொடங்குவாள். நம் வீடுகளில் அதற்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை, "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று தினம் ஒருமுறை கேட்டாலே போதும்.

2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. அவமானப்படுத்துவது, மனரீதியாகத் துன்புறுத்துவது, மனைவியின் பணத்தைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் அதில் அடங்கும். அடிபட்ட தழும்பு இல்லையே என்று தயங்குபவர்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் அழைக்கலாம். அது இரவிலும் இயங்குகிறது.